பிரம்பு, டெலிபோன், பினாயில்

எங்கள் வீட்டு வராந்தாவில் ஒரு பிரம்பு நாற்காலி கிடக்கிறது. 1983-ல் என் தம்பி பின்னியது. கை வைக்கும் இடத்தில் பாலிஷ் போய்விட்டது, ஒரு கால் லேசாக ஆடுகிறது. இருக்கை மட்டும் தொய்யவே இல்லை. நான் ஆவடி ஓ.சி.எஃப். தொழிற்சாலையில் முப்பத்தெட்டு வருஷம் ராணுவ உடுப்பு தைத்தவள். ஒரு அங்குலத்தில் எத்தனை தையல் என்று எண்ணிப் பார்த்தே பழகிய கண். அந்தக் கண்ணால் பார்த்தும் இந்தப் பின்னலில் என்னால் ஒரு குறை சொல்ல முடிந்ததில்லை. தம்பி இதைப் பார்த்ததே இல்லை. மூன்று வயதிலிருந்து அவனுக்குப் பார்வை கிடையாது.

பிரம்பு பின்னுவது ஏழு வேலை. சட்டத்தைச் சுற்றித் துளைகள் இருக்கும். முதலில் நெடுக்காக ஓட்ட வேண்டும். அதன்மேல் குறுக்காக. மறுபடி நெடுக்கு, மறுபடி குறுக்கு. இந்த நாலாவது சுற்றில்தான் மேலே ஒன்று கீழே ஒன்று என்று நுழைத்துப் பின்னல் பிடிக்கும். அப்புறம் மூலைவாட்டில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. கடைசியில் துளைகளை மறைத்து ஓரத்தில் தடித்த பிரம்பு. தம்பி பிரம்பைத் தண்ணீரில் ஊறப்போட்டு, அடிக்கடி விரலில் சுற்றிப் பார்ப்பான். குறைவாக ஊறினால் ஒடியும், அதிகம் ஊறினால் கறுக்கும் என்பான். கறுப்பு என்றால் என்னவென்று உனக்கு எப்படிடா தெரியும் என்று ஒருமுறை கேட்டேன். “எனக்குத் தெரியாதுக்கா. காசு குடுக்கறவனுக்குத் தெரியும்ல” என்றான்.

எங்கள் ஊர் முத்தாபுதுப்பேட்டையை வெளியூர்க்காரர்களுக்கு அடையாளம் சொல்ல வேண்டுமானால் ‘ஏர்போர்ஸ்’ என்றால் போதும். பஸ் கண்டக்டரும் அப்படித்தான் கூப்பிடுவார். அப்பா அந்த விமானப்படை நிலையத்தில் சிவிலியன் ஊழியர். சுற்றிலும் எல்லாமே பாதுகாப்புத் துறை. டாங்கி ஃபேக்டரியில் 1965-ல் முதல் விஜயந்தா வெளியே வந்தபோது எனக்கு ஐந்து வயது. ஓ.சி.எஃப்., டிப்போக்கள், சி.ஆர்.பி.எஃப். முகாம் என்று போய்க்கொண்டே இருக்கும். சங்கு ஊதினால் சைக்கிள்கள் கிளம்பும், மறுபடி ஊதினால் திரும்பும். இந்த ஊரில் ஒரு பையன் ஆளாகிவிட்டான் என்பதற்கு மீசை அடையாளம் இல்லை, கேட் பாஸ்தான் அடையாளம். புகைப்படம் ஒட்டி, லேமினேட் செய்து, சட்டைப் பையில் பாதி வெளியே தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு டீக்கடையில் நிற்பார்கள். பெண் கொடுக்கிறவர்களும் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். அந்த பாஸுக்கு முன்னால் ‘மெடிக்கல்’ என்று ஒன்று உண்டு. அந்த வாசலை என் தம்பியால் தாண்ட முடியாது என்பது அவனுக்கு ஆறு வயதாகும்போதே தெருவுக்கெல்லாம் தெரியும்.

அவனுக்கு 1967-ல் தட்டம்மை வந்தது. அம்மை இறங்கும்போது கண்ணில் பூ விழுந்துவிட்டது. சத்துக் குறைவான பிள்ளைக்கு அம்மை வந்தால் கண் போகும் என்பதும், வைட்டமின் ஏ கொடுத்தால் தடுக்கலாம் என்பதும் எங்களுக்குப் பிற்பாடு தெரிந்த விஷயம். குழந்தைகளுக்கு அந்த மருந்தைக் கொடுக்கும் திட்டத்தை மத்திய அரசு ஆரம்பித்தது 1970-ல். மூன்று வருஷ வித்தியாசம். அம்மா கடைசிவரை அந்தக் கணக்கைச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

1971-ல் அப்பா அவனைப் பூந்தமல்லியில் இருக்கும் அரசுப் பார்வையற்றோர் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஹாஸ்டலோடு சேர்ந்த பள்ளி. 1931-ல், வெள்ளைக்காரன் காலத்தில் ஆரம்பித்தது. எங்களிடமிருந்து ஆவடி வந்து, பருத்திப்பட்டில் கூவத்தைத் தாண்டி, காடுவெட்டி, சென்னீர்குப்பம் வழியாகப் போக வேண்டும். முதல் நாள் பஸ்ஸில் அவன் அழவில்லை. பாலம் வந்தபோது மட்டும், “அப்பா, பஸ்ஸுக்கு அடியில ஒண்ணும் இல்ல” என்றானாம். பாலத்தின்மேல் சத்தம் மாறுவதை அவன் அப்படிச் சொன்னான். அதன்பிறகு ஒவ்வொரு விடுமுறைக்கும் அவன் ஊர் நெருங்குவதைக் கணக்கிட்டது அந்தச் சத்தத்தை வைத்துத்தான்.

பிரம்பு பின்ன அவனுக்குக் கற்றுக்கொடுத்ததும் அந்தப் பள்ளிதான். இந்தப் பள்ளிகளுக்கும் பிரம்புக்கும் எப்படி முடிச்சு விழுந்தது என்று எனக்கு ரொம்ப நாள் சந்தேகம். பணி ஓய்வுக்குப் பிறகு கொஞ்சம் படித்தேன். இங்கிலாந்தில் நூற்றைம்பது, இருநூறு வருஷங்களுக்கு முன்னாலேயே பார்வையற்றவர்களுக்கென்று தொழிற்கூடங்கள் வைத்து, பாய், கூடை, பிரஷ், நாற்காலிப் பின்னல் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கோயில் வாசலிலோ தெருவிலோ கையேந்தாமல் இருக்க ஒரு கைத்தொழில் என்பது எண்ணம். இங்கே வந்த மிஷனரிகள் பைபிளோடும் பிரெய்லியோடும் அதையும் கொண்டுவந்தார்கள். இந்தியாவின் முதல் பார்வையற்றோர் பள்ளியை ஆனி ஷார்ப் என்ற அம்மையார் 1887-ல் அமிர்தசரஸில் தொடங்கினார். மூன்று வருஷத்தில், 1890-ல், நம் பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் ஒன்று ஆரம்பித்தார். தமிழ் எழுத்துகளுக்குப் பிரெய்லிப் புள்ளி அமைத்ததில் அவர் பங்கு பெரியது. நாடு முழுவதற்கும் பொதுவான பாரதி பிரெய்லி 1951-ல் வந்தது. என் தம்பி படித்தது அதைத்தான்.

எங்கள் மாதிரி ராணுவ ஊர்க்காரர்களுக்கு இந்தக் கதையில் இன்னொரு தொடர்பும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் கண்ணிழந்த இந்தியச் சிப்பாய்களுக்காக 1943-ல் டேராடூனில் ஒரு விடுதி திறந்தார்கள். பிரிட்டனில் முதல் போரில் கண்ணிழந்தவர்களுக்காக இருந்த செயின்ட் டன்ஸ்டன்ஸ் அமைப்பின் பெயரையே அதற்கும் வைத்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு, 1950-ல், வயது வந்த பார்வையற்றவர்களுக்கான மத்திய அரசுப் பயிற்சி நிலையம் அங்கேயேதான் அமைந்தது. பள்ளிக்குப் பிறகு என்ன என்ற கேள்வியை இந்த நாட்டு அரசு பெரிதாக எடுத்துக்கொண்டது சிப்பாய்க்குக் கண் போனபோதுதான். சிப்பாய் ஏற்கெனவே வாழத் தெரிந்தவன். அவனுக்குத் தேவைப்பட்டது ஒரு தொழில். ஏழு வயதில் ஹாஸ்டலுக்கு வந்த பிள்ளைக்கு வாழவும் சொல்லிக்கொடுக்க வேண்டும். பாடத்திட்டத்தில் அதற்குத் தனியாக ஒரு பீரியட் கிடையாது. அன்றைக்கு எந்தப் பள்ளியிலும்தான் கிடையாது.

அதைப் பையன்களே பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இந்தக் கட்டுரையில் நான் எழுத ஆசைப்பட்டதே இதைத்தான், பிரம்பு ஒரு சாக்கு.

சாப்பாட்டுத் தட்டில் எது எங்கே இருக்கிறது என்பதைக் கடிகார முள்ளாக நினைத்துக்கொள்வது. ரூபாய் நோட்டை விரலிடுக்கில் வைத்து அகலம் பார்ப்பது. அந்தக் காலத்து நோட்டுகள் ஒன்றுக்கொன்று அளவில் நன்றாகவே வித்தியாசப்படும். அது போதாதென்று ஐந்தை மடிக்காமல், பத்தை ஒரு மடிப்பு, நூற்றை இரண்டு மடிப்பு என்று வைத்துக்கொள்வது. நூறு ரூபாயைக் கண்ணால் கண்டவர் ஹாஸ்டலில் யாரும் இருந்திருக்க மாட்டார்கள், ஆனாலும் மடிக்கத் தெரிந்து வைத்திருந்தார்கள். பத்தாவது படிக்கும் அண்ணன்கள் ராத்திரி விளக்கணைத்த பிறகு ஆறாவது பையன்களை உட்காரவைத்து இதெல்லாம் சொல்லித்தருவார்களாம். விளக்கணைத்தால் அவர்களுக்கு என்ன.

ஒரு விடுமுறையில் வந்து, “அக்கா, என் சட்டைக் காலருக்கு உள்பக்கம் முடிச்சு போட்டுக் குடு” என்றான். நீலத்துக்கு ஒரு முடிச்சு, வெள்ளைக்கு இரண்டு, கோடு போட்டதற்கு மூன்று. யார் சொன்னது என்று கேட்டால், ஒரு அண்ணன். அன்றைக்கு ஆரம்பித்த பழக்கம், இன்றைக்கும் அவன் சட்டைகளுக்கு நான்தான் முடிச்சு போடுகிறேன். ஃபேக்டரியில் லட்சக்கணக்கான பட்டன் துளை பார்த்தவள் நான், மனசுக்குப் பிடித்துத் தைத்தது இந்த முடிச்சுகளைத்தான்.

பல்லவன் பஸ்ஸில் கண்டக்டரிடம் எப்படிப் பேசுவது என்றும் ஒரு பாடம் இருந்தது. “ஸ்டாப்பிங் வந்தா சொல்லுங்க” என்று கெஞ்சக் கூடாது. “காடுவெட்டி தாண்டிட்டோமா?” என்று, தெரிந்தவன் மாதிரி கேட்க வேண்டும். கெஞ்சினால் மறந்துவிடுவார். தெரிந்த மாதிரி கேட்டால் பதில் சொல்வார். பதினாலு வயதில் அவன் தனியாக வீடு வந்து சேர்ந்தான். அம்மா வாசலில் நின்றவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அப்பாவுக்குக் கோபம், தனியாக விட்டது யார் என்று. “யாரும் விடல, நான் வந்தேன்” என்றான்.

1977-ல் மத்திய அரசு சி, டி பிரிவு வேலைகளில் உடல் ஊனமுற்றோருக்கு மூன்று சதவீதம் ஒதுக்கி ஆணை போட்டது. அப்பா அந்தப் பேப்பர் துண்டை வெட்டி டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். அலுவலகங்களில் நாற்காலி பின்னுவதற்கென்றே ஆள் எடுப்பார்கள். பார்வையற்றவர்களுக்கு எழுதிவைத்த வேலை அது. அப்பாவின் கனவெல்லாம் அதுதான். பையனுக்கும் ஒரு கேட் பாஸ். 1981 வந்தது. ஐ.நா. சபை அதை ஊனமுற்றோர் ஆண்டு என்று அறிவித்திருந்தது. ஒரு விழாவில் தம்பிக்கு எவர்சில்வர் டம்ளர் கொடுத்து போட்டோ எடுத்தார்கள். டம்ளர் இருக்கிறது. வேலை வரவில்லை.

1982-ல் பத்தாவது முடித்து வீட்டுக்கு வந்தான், பதினெட்டு வயது. ஒரு ஏஜென்ட் அலுவலகங்களிலிருந்து நாற்காலிகளை மாட்டு வண்டியில் கொண்டுவந்து இறக்குவார். ஒரு இருக்கைக்கு இவ்வளவு என்று பேச்சு, பீஸ் ரேட். கண் தெரியாதவன்தானே என்று எண்ணிக்கையில் ஒன்றிரண்டு குறைப்பார். தம்பி ஒவ்வொரு நாற்காலியின் அடிச்சட்டத்திலும் பிரெய்லி ஊசியால் குத்தி எண் போட ஆரம்பித்தான். அடுத்த மாதம் கணக்கு சரியாக வந்தது. அதற்கடுத்த மாதம் ஏஜென்ட்டே வரவில்லை.

அவரும் எத்தனை நாள் வந்திருப்பார். முதலில் பிளாஸ்டிக் ஒயர் வந்தது. பிரம்பு மாதிரி ஊறவைக்க வேண்டாம், ஒடியாது, கலர் கலராகக் கிடைக்கும். அப்புறம் ஃபோம் வைத்த சுழல் நாற்காலி. அதிகாரி முதலில் மாற்றினார், பிறகு ஹெட் கிளார்க், கடைசியில் வாசலில் உட்கார்ந்திருந்த பியூனுக்கும் மோல்டட் பிளாஸ்டிக் வந்துவிட்டது. நூறு வருஷமாகப் பள்ளிப் பள்ளியாகச் சொல்லிக்கொடுத்த தொழில், பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் அலுவலகங்களிலிருந்து காணாமல் போனது. சொல்லிக்கொடுத்தவர்கள் மேல் தப்பில்லை. நாற்காலி மாறும் என்று யார் நினைத்தார்கள்?

அடுத்தது டெலிபோன். சாம் பித்ரோடா காலத்தில் ஊரெங்கும் எஸ்.டி.டி. பூத் வந்ததே, அந்த உரிமத்தில் ஊனமுற்றோருக்கும் முன்னாள் ராணுவத்தினருக்கும் முன்னுரிமை கொடுத்தார்கள். எங்கள் ஊரில் இரண்டு வகையும் ஏராளம். 1989-ல் தம்பிக்குக் கிடைத்தது. ஏர்போர்ஸ் போகிற சாலையில், ஒரு சைக்கிள் கடைக்குப் பக்கத்தில், ஆறுக்கு ஐந்து கடை, மஞ்சள் போர்டு. பீகார், பஞ்சாப், ஒடிசா, கேரளம் என்று எல்லா ஊர் ஏர்மேன்களும் ராத்திரி வரிசையில் நிற்பார்கள். இரவு ஏற ஏறக் கட்டணம் பாதியாகும், பிறகு கால்வாசியாகும். அதனால் எங்கள் தெருவில் பதினொரு மணிக்குத்தான் கூட்டம். எவன் அம்மாவுக்குப் பேசுகிறான், எவன் புதுப் பெண்டாட்டிக்குப் பேசுகிறான் என்று குரலை வைத்தே சொல்வான் தம்பி. மொழி தெரிய வேண்டியதில்லை என்பான்.

மீட்டரில் சிவப்பு எண்கள் ஓடும். அது அவனுக்குத் தெரியாது. பில் அச்சாகி வந்ததும் பேசியவரையே படிக்கச் சொல்வான். ஏமாற்றினால்? மடியில் எச்.எம்.டி. பிரெய்லி கடிகாரம் வைத்திருப்பான். மூடியைத் திறந்து முள்ளைத் தடவிப் பார்க்கிற வகை. கதவு சாத்தும் சத்தத்தில் ஒரு தடவல், திறக்கும் சத்தத்தில் ஒரு தடவல். எந்தத் தொலைவுக்கு எத்தனை நொடிக்கு ஒரு பல்ஸ் என்ற அட்டவணையைப் பிரெய்லியில் குத்தி மேஜை இழுப்பறையில் வைத்திருந்தான், ஒரே மாதத்தில் அது தேவைப்படாமல் போயிற்று. ஒருநாள் ஒருவர் எண்பத்திரண்டு ரூபாயை முப்பத்திரண்டு என்று படித்தார். தம்பி கடிகாரத்தை மூடிவிட்டு, “சார், இன்னொரு தடவை படிங்க, லைட்டு கம்மியா இருக்கு” என்றான். அந்த மனிதர் நூறு ரூபாயை நீட்டிவிட்டு மீதி வாங்காமல் போனார். தம்பி மறுநாள் பதினெட்டு ரூபாயை ஒரு கவரில் போட்டு அவருக்குக் கொடுத்தனுப்பினான். அதிகம்தான், நான் அப்போதே சொன்னேன்.

அந்தப் பூத்தின் வருமானத்தில் 1993-ல் கல்யாணம் செய்துகொண்டான். பெண் வீட்டார் வந்தபோது அப்பா டிரங்குப் பெட்டியிலிருந்து டெலிபோன் துறை கொடுத்த உரிமத்தை எடுத்துக் காட்டினார். அதுதான் அவர் பையனுடைய கேட் பாஸ். பிளாஸ்டிக் உறை கூட போட்டு வைத்திருந்தார்.

2003-ல் செல்போனுக்கு வரும் அழைப்பு இலவசம் ஆயிற்று. மூன்று வருஷத்தில் பூத்தில் ஜெராக்ஸ் மெஷின் வந்தது, பிறகு மெஷினும் போயிற்று. அப்புறம் அவன் அரக்கோணம் லைன் மின்சார ரயிலில் பாஸ் கவர், ரேஷன் கார்டு கவர், பேனா விற்றான். அங்கேயும் எழுதாத சட்டங்கள் உண்டு. ஒரு பெட்டியில் ஒருவர் விற்றுக்கொண்டிருந்தால் இன்னொருவர் ஏறி அதே சரக்கைக் கூவ மாட்டார். புதிதாக வந்தவருக்குக் கதவு எந்தப் பக்கம் திறக்கும், எந்த ஸ்டேஷனில் பிளாட்பாரம் தாழ்வு என்று பழைய ஆள் சொல்லித்தருவார். அதே ஹாஸ்டல் ராத்திரிப் பாடம், ஓடுகிற ரயிலில். 2020-ல் கொரோனா வந்து ரயில் நின்றது. அதோடு அவனும் நின்றுவிட்டான்.

இதற்கு நடுவே பெயர்கள் மாறின. குருடன் என்றது போய் பார்வையற்றோர், ஊனமுற்றோர் என்றாகி, 2010 வாக்கில் அரசு மாற்றுத்திறனாளி என்று அறிவித்தது. நல்ல சொல்தான். தம்பியிடம் கேட்டேன். “பேரு மாறிச்சுக்கா, பஸ் படி அதே உசரம்தான்” என்றான். சென்னையில் புதிய தாழ்தளப் பேருந்துகள் ஓட ஆரம்பித்தது 2024-ல்.

இனி பினாயில்.

என் மகள் வயிற்றுப் பேரன் 2003-ல் பிறந்தான், இன்கமிங் இலவசமான அதே வருஷம். அவனுக்கு அறிவுசார் குறைபாடு. என் சின்ன வயதில் இப்படிப்பட்ட பிள்ளைகளை ‘மந்தம்’ என்று சொல்லி முடித்துவிடுவார்கள். எங்கள் தெருவிலேயே ஒரு பெண் இருந்தாள், என் வயது. விருந்தாளி வந்தால் பின்கட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அவளை வெயிலில் பார்த்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. மெட்ராஸில் இவர்களுக்காக மேரி கிளப்வாலா ஜாதவ் 1953-லேயே பால விஹார் தொடங்கியிருந்தார் என்பது எங்கள் பக்கத்துக்கு எட்டவில்லை. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சிஸ்டர் மேரி தியடோர் 1977-ல் அண்ணாநகரில் மித்ரா ஆரம்பித்தார். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளுக்காகப் பூனம் நடராஜன் 1985-ல் தொடங்கியது இப்போதைய வித்யாசாகர். நகரம் மெல்ல மெல்ல மேற்கே நீண்டு வந்த மாதிரி இதுவும் வந்தது. என் பேரனுக்குப் பள்ளி கிடைத்தது. பதினெட்டு வரை வேன் வந்து ஏற்றிப்போய், வேன் வந்து இறக்கிவிட்டது.

பதினெட்டு 2021-ல் முடிந்தது, ஊரே பூட்டியிருந்தபோது. அந்த வயதில் மற்ற பிள்ளைகளுக்கு ஓட்டு, லைசென்ஸ். இவனுக்கு முதல் வேலையாக ஒரு பாதுகாவலரை நியமிக்கச் சொன்னார்கள். 1999-ன் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதற்கு வழி வைத்திருக்கிறது. தேவையான ஏற்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் மேஜர் ஆனவுடனே கையில் வருகிற முதல் காகிதம், நீ மேஜர் இல்லை என்று சொல்கிற மாதிரி இருந்தது. ஒரு வங்கியில் அவன் பெயரில் கணக்குத் தொடங்கப் போனோம். கவுன்ட்டரில் இருந்தவர் அவனைப் பார்க்காமலே, “கையெழுத்துப் போடுவானா?” என்று என் மகளிடம் கேட்டார். அவன் போட்டான். பெரிய கையெழுத்து, கட்டத்தை விட்டு வெளியே போய்விட்டது. படிவம் செல்லாது என்று புதுசு எடுத்துவரச் சொன்னார்.

2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருபத்தொரு வகைக் குறைபாடுகளைக் கணக்கில் சேர்த்தது, ஒதுக்கீட்டை நாலு சதவீதமாக்கியது, அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கும் அதில் இடம் கொடுத்தது. அமெரிக்காவில் இப்படிப்பட்ட மாணவர் பதினாறு வயதை எட்டுவதற்குள், பள்ளிக்குப் பிறகு எங்கே வேலை, எங்கே வசிப்பு என்று எழுத்தில் திட்டம் போட்டாக வேண்டும் என்று சட்டமே இருக்கிறதாம். போலியோவால் உடல் முடங்கிய எட் ராபர்ட்ஸும் அவர் கூட்டாளிகளும் பெர்க்லியில் சுதந்திர வாழ்வு மையம் திறந்தது 1972-ல். மாற்றுத்திறனாளிகளே மாற்றுத்திறனாளிகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் இடம். அதைப் படித்தபோது பூந்தமல்லி ஹாஸ்டல்தான் நினைவுக்கு வந்தது. போர்டு மட்டும் மாட்டவில்லை.

பேரனுக்குத் தொழிற்பயிற்சியில் பினாயில் சொல்லிக்கொடுத்தார்கள். பேப்பர் கவர், மெழுகுவர்த்தி, ஊதுவத்தியும் உண்டு, அவனுக்குப் பிடித்தது பினாயில். வாளித் தண்ணீரில் அந்தப் பழுப்பு எண்ணெயை மெல்ல ஊற்றுவான். தொட்ட இடத்தில் தண்ணீர் பால் மாதிரி வெளுக்கும். ஊற்றுவதை நிறுத்திவிட்டு, அது பரவுவதைப் பார்த்துக்கொண்டே நிற்பான். கலக்கச் சொல்லி இரண்டு தடவை கூப்பிட வேண்டும். எங்கள் தெருவில் எல்லா வீட்டுக் கழிவறையிலும் இப்போது அவன் பினாயில்தான். தேவையில்லாதவர்களும் வாங்குகிறார்கள். இரண்டு வீடுகளில் திறக்காத பாட்டில்கள் அடுக்கியிருப்பதைப் பார்த்தேன். பிரம்புக்காவது ஒரு காலத்தில் உண்மையான தேவை இருந்தது, ஆபீஸர் உட்கார வேண்டுமே. இரக்கத்தில் வாங்குகிற பினாயிலை எத்தனை மாதம் விற்க முடியும்?

அதைவிட எனக்கு உறுத்தியது வேறு. இருபது வயதில் அவனுக்கு ஆவடி பஸ் ஏறத் தெரியவில்லை. வேனிலேயே போய் வந்தவன். பத்து ரூபாய்க்கு ஒரு பொருள் வாங்கியதில்லை. ராத்திரிப் பாடம் எடுக்க அவனுக்கு ஒரு அண்ணனும் கிடைக்கவில்லை. நாங்கள் அன்பாகத்தான் வைத்திருந்தோம், கையைப் பிடித்தே வைத்திருந்தோம்.

தம்பிதான் ஒருநாள் ஆரம்பித்தான். “டேய், என்கூட ஆவடி வரைக்கும் வா. பஸ் நம்பர் படிக்க ஆள் இல்ல எனக்கு.” உதவி செய்யப் போகிறோம் என்று நினைத்துப் பேரன் செருப்பு மாட்டினான். அவனுக்கு எண்கள் நன்றாகத் தெரியும். எந்த பஸ் எங்கே போகும் என்பதுதான் தெரியாது. தம்பிக்கு அது தெரியும். நிறுத்தத்தில் நின்று, வருகிற ஒவ்வொரு பஸ்ஸுக்கும் பேரன் எண்ணைக் கத்துவான், லாரியின் நம்பர் பிளேட்டையும் சேர்த்து. தம்பி வேண்டும், வேண்டாம் என்பான். ஏறியதும், “கண்டக்டர்கிட்ட நீ கேளு, மிலிட்டரிக்காரன் மாதிரி கேளு” என்று தூண்டிவிடுவான். முதல் நாள் என் மகள் ஸ்கூட்டியில் பஸ்ஸுக்குப் பின்னாலேயே போனாள். தம்பிக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் அவளைத் திட்டினான்.

பணத்திலும் இப்படித்தான். 2016-லிருந்து வந்த நோட்டுகள் தம்பிக்கு ஆகவில்லை. நூறு, இருநூறு, ஐநூறு மூன்றும் ஒரே உயரம், நீளத்தில் நாலு நாலு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். அறுபது வயது விரலுக்கு அது எட்டாது. பேரன் நிறம் சொல்வான், ஊதா, மஞ்சள், சாம்பல். தம்பி மதிப்புச் சொல்வான். மாலையில் வராந்தாவில் அந்தப் பிரம்பு நாற்காலியில் தம்பி, கீழே பேரன், நடுவில் ஒரு டப்பா சில்லறை. ஒரே பாடத்தை நூறு தடவை எடுக்கத் தம்பிக்கு அலுக்காது. எங்களுக்கு ஆறாவது தடவையே அலுத்துவிடும். அலுத்துப்போய் நாங்களே செய்துவிடுவோம்.

போன ஆடி மாதம் பேரனைத் தனியாக முனைக்கடைக்கு அனுப்பினோம். அரைக் கிலோ சர்க்கரை, கையில் ஐம்பது ரூபாய். வாசலில் மூன்று பேர் நின்றோம், தம்பி மட்டும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. இருபது நிமிஷம் கழித்து வந்தான். சர்க்கரை சரியாக இருந்தது. மீதியை என் கையில் கொட்டினான். எண்ணினேன், நாலு ரூபாய் குறைந்தது. அதற்குப் பதில் நாலு சாக்லேட்.

“பரவால்ல விடு” என்றாள் என் மகள்.

தம்பி நாற்காலியிலிருந்தே, “எவ்ளோ கொறையுது?” என்றான்.

“நாலு ரூபா, சின்னத் தாத்தா.”

“போய்க் கேளு.”

பேரன் என்னைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். இன்னொரு தடவை தெருவில் இறங்கினான். கடைக்காரரிடம் என்ன பேசினான் என்று எங்களுக்குத் தெரியாது. திரும்பி வந்தபோது உள்ளங்கையில் இரண்டு இரண்டு ரூபாய் நாணயம் இருந்தது. வாயில் ஒரு சாக்லேட், பையில் மூன்று. அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று யாரும் அவனுக்குச் சொல்லியிருக்கவில்லை.